கருப்புக் கட்டத்துக்குள் மச்சான்

குளியலறைக் கதவை யாரோ தட்டினார்கள்.

தட்டினாலும் திறக்க முடியாத நேரம் என்று ஒன்று உண்டு. அப்படிப்பட்ட நேரத்தில்தான் நான் உள்ளே இருந்தேன். வெளியே மே மாதக் கடைசியின் மத்தியான வெயில். உள்ளே ஒரு சிவப்பு பல்பு. தரையில் வரிசையாக மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். முதல் தட்டில், மருந்துத் தண்ணீருக்கு அடியில் கிடந்த வெள்ளைக் காகிதத்தில், என் வீட்டுக்காரரின் முகம் எழுந்து வந்துகொண்டிருந்தது.

முதலில் தலைமுடி வந்தது. அப்புறம் புருவம், மீசை, வெளிக்கேட்டின் இரும்புக் கம்பிகள். சட்டை வெள்ளை என்பதால் கடைசியில்தான் வரும். அந்தச் சட்டையின் இஸ்திரி மடிப்பு தெரிய வேண்டும் என்றுதான் மூன்று வாரமாக நான் உயிரை விட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடி தட்டல். யாரென்று கேட்டேன்.

"நான்தேன். கதவத் தொறத்தா."

அத்தை. டி. கல்லுப்பட்டிப் பக்கத்தில் இருந்து சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிறார்.

அத்தை என்றால் என் அப்பாவோடு பிறந்த அக்கா. மாமியாரும் அவர்தான். அவருடைய ஒரே மகனுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதனால் வீட்டுக்காரரை நான் மச்சான் என்றே கூப்பிடுவேன். கல்லூரியில் வேலை பார்க்கிறவள் இப்படியா கூப்பிடுவது என்று கூட இருந்த டீச்சர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது திறக்க முடியாது, கொஞ்சம் இருங்கள், படம் கழுவிக்கொண்டிருக்கிறேன் என்று உள்ளே இருந்தே சொன்னேன். வெளியே பை ஒன்று தரையில் வைக்கப்படுவது கேட்டது. மாமியாரைக் குளியலறை வாசலில் காக்கவைத்த மருமகள் எங்கள் வகையறாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆனால் போட்டோத் தாள் பெட்டியில் அதுதான் கடைசித் தாள். கதவைத் திறந்து வெளிச்சம் பட்டால் படம் கருத்துப் போய்விடும். மூன்று நாளில் கண்காட்சி.

ஐஸ் கட்டியும் வோல்டேஜும்

போன வாரம் கல்லூரி லேபில் நான் உடைத்த கண்ணாடிச் சாமான்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர், 'உங்களுக்கு நிதானமே கிடையாதா அம்மா' என்று கார்டு போட்டிருக்கிறார். கிடையாது. அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. உட்கார்ந்து சாப்பிட்டால்கூடக் கால் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்படிப்பட்டவள் எதற்காகப் படம் கழுவுகிற வேலைக்குப் போனாள் என்று கேட்கலாம். பொறுமை வேண்டிய வேலைதான். ஆனால் இருட்டில் ஒரு நிமிடம், தண்ணீரில் ரெண்டு நிமிடம் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். எண்ணுகிற நேரத்தில் மட்டும் என் மனசு ஓரிடத்தில் நிற்கும். வேறு எதற்கும் அது நின்றதில்லை.

நான் பௌதிக லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். கல்லூரியில் போட்டோ பெரிதாக்குகிற மெஷின் ஒன்று துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தது. கோடை விடுமுறைக்கு அதை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று பிரின்சிபாலிடம் கேட்டேன். உடைக்காமல் திருப்பித் தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுத்தார். என்னைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்போது ஆனையூரில் குடியிருந்தோம். சுற்றிலும் பாதி பொட்டல், பாதி வீடு. குளியலறைத் தொட்டியின் மேல் பலகை போட்டு அந்த மெஷினை உட்காரவைத்தார் மச்சான். ஜன்னலுக்குப் பழைய குடைத் துணி. கதவிடுக்குக்குச் சாக்கு. குளிப்பதெல்லாம் கொல்லையில், ஓலைத் தட்டிக்குப் பின்னால்தான்.

போட்டோ வேலை என்றால் ராத்திரி வேலை என்று நினைப்பார்கள். எங்கள் ஏரியாவில் அது நடக்காது. பொழுது சாய்ந்தால் வோல்டேஜ் இறங்கி பல்பு அழுது வடியும். அதே தாள், அதே நெகட்டிவ், அதே பதினெட்டு வினாடி. ஆனால் படம் கஞ்சித் தண்ணீர் மாதிரி வரும். பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில்தான் கரண்ட் ஒழுங்காக இருக்கும்.

அந்த நேரத்தில் வெயில் சும்மா விடுமா? மருந்து சூடேறினால் தாளின் மேல் பூச்சு இளகி, ஓரம் தோல் உரிந்த மாதிரி எழும்பிவிடும். இரண்டு தாளை அப்படித்தான் இழந்தேன். அதற்கப்புறம் சிம்மக்கல்லில் இருந்து தினமும் ஐஸ் வந்தது. மரத்தூள் போட்ட சாக்கில் சுற்றி, சைக்கிள் கேரியரில் கட்டி, மச்சான்தான் கொண்டுவருவார். பெரிய பேசினில் ஐஸ், அதற்குள் மருந்துத் தட்டு. நெற்றியில் ஈரத் துண்டு கட்டிக்கொள்வேன். வேர்வை ஒரு சொட்டு படத்தில் விழுந்தால் அது வடுவாக நின்றுவிடும்.

தண்ணீர்ப் பாட்டைச் சொன்னால் இந்த வாரப் பக்கம் போதாது. அடிகுழாய்த் தண்ணீர் உப்பு. காய்ந்த பிறகு படம் முழுக்க வெள்ளைப் பொரி. அதனால் கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற குழாய்த் தண்ணீரைப் படத்துக்கு ஊற்றுகிறாள் என்று தெருவே என்னைப் பேசியது. பேசினவர்கள் வீட்டுக் குழந்தைகளையெல்லாம் படம் எடுத்துக் கொடுத்தேன், அதற்கப்புறம் பேச்சு கொஞ்சம் குறைந்தது.

வெள்ளைச் சட்டை

தினமும் ஐஸ் வாங்க அவருக்கு எப்படி நேரம் இருந்தது? அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்ல வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

மச்சான் ஒரு நூல் மில்லில் மேஸ்திரி. அந்த வருஷம் பொங்கல் முடிந்த கையோடு மில்லைப் பூட்டிவிட்டார்கள். ஒரு வாரத்தில் திறந்துவிடுவார்கள் என்றார்கள். அப்புறம் சிவராத்திரி கழித்து என்றார்கள். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பூட்டின அன்று வீட்டுக்கு வந்தவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "அம்மாவுக்குச் சொல்லிறாத."

அத்தைக்கு மகன் மேஸ்திரி ஆனது பெரிய பெருமை. கல்லுப்பட்டிச் சந்தையில் வெங்காயம் வாங்கினால்கூட அது பேச்சில் வந்துவிடும். அந்த ஊர்க்காரர்கள் யாரும் அந்த மில்லில் இல்லாதது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. ஒரு வாரத்துக்கு என்று ஆரம்பித்த பொய். வாரம் மாசமான பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பயந்தே அதைத் தொடர்ந்தோம். அத்தை வந்து தங்குகிற நாட்களில் மச்சான் ஷிப்டுக்குப் போகிற மாதிரி கிளம்பிப் போவார். சாயங்காலம் திரும்புவார்.

அத்தை வராத நாட்களிலும் கிளம்பினார் என்பதுதான் விஷயம்.

காலையில் எழுந்து சட்டையைத் தானே இஸ்திரி போடுவார். முன்பெல்லாம் இப்படிப் போட்டதில்லை. வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. எட்டு மணிக்கு வெளிக்கேட்டுக்குப் போய்க் கொண்டியில் கையை வைப்பார். அப்படியே நிற்பார். தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார். எந்தப் பக்கம் போவது என்பது அவருக்கே தெரியாது.

பங்குனியில் ஒருநாள் காலை, சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன். சுவரில் கேமரா தொங்கியது. ஒரே ஒரு படம் எடுத்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினாரா இல்லையா என்பது ஞாபகம் இல்லை. அப்புறம் கொண்டியைத் தூக்கிவிட்டுப் போய்விட்டார்.

பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான். எங்கள் போட்டோ கிளப்பின் செயலாளர் ஒரு பல் டாக்டர். எல்லோரும் சித்திரைத் திருவிழாக் கூட்டத்தையே எடுத்துக்கொண்டு வருகிறார்களே என்று சலித்துக்கொண்டிருந்தவர், அதன் சின்னப் பிரதியைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இதைக் கண்காட்சியில் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டுவோம், பெரிதாகப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மச்சானிடம் எதையும் சொல்லவில்லை. என்ன படம் என்று அவரும் கேட்கவில்லை. தன் முகத்துக்கான ஐஸைத் தானே மூன்று வாரம் சுமந்து வந்தார்.

அரம் செய்த வேலை

இங்கே என் மேதாவித்தனத்தையும் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி நூலகத்தில் வெளிநாட்டுப் போட்டோ பத்திரிகை ஒன்று பழசாகக் கிடந்தது. அதில் வந்த படங்களைச் சுற்றிக் கருப்புக் கோடு ஒன்று இருந்தது. எடுத்த படத்தை எங்கேயும் வெட்டாமல் முழுசாகப் போட்டிருக்கிறேன் என்பதற்கு அது சாட்சியாம். நெகட்டிவைப் பிடிக்கிற தகட்டின் ஓரத்தைக் கொஞ்சம் ராவிவிட்டால், சுற்றியிருக்கிற வெற்று பிலிம் வழியாக வெளிச்சம் போய்த் தாளில் கோடு விழும்.

மச்சானின் பெட்டியில் இருந்து அரத்தை எடுத்து ராவினேன். கல்லூரித் தகட்டைத்தான். உடைக்க மாட்டேன் என்றுதானே எழுதிக்கொடுத்தேன், ராவ மாட்டேன் என்று எழுதவில்லையே.

கொஞ்சம் ராவினால் போதும். நான் எப்போது கொஞ்சத்தோடு நின்றேன்? கோடு பென்சில் மொத்தத்துக்கு வந்தது. நாலு பக்கமும் வெள்ளைத் தாள், அதற்குள் தடியாக ஒரு கருப்புக் கட்டம், கட்டத்துக்குள் மச்சான். எனக்கு அது வெகு அழகாக இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் எந்தத் தாளுக்குக் கருப்புக் கட்டம் போடுவார்கள் என்ற யோசனை அந்த மூன்று வாரத்தில் ஒரு நொடிகூட வரவில்லை. கேமராவைத் தொட்டால் நான் எந்த ஊர்க்காரி என்பதே எனக்கு மறந்துவிடும்.

கதவு திறந்தது

ஒரு வழியாகப் படம் மருந்தில் நின்றது. இனி வெளிச்சம் பட்டாலும் ஒன்றும் ஆகாது. சட்டையின் மடிப்பு, நான் கேட்ட மாதிரியே, அத்தனை வெள்ளைக்குள்ளும் கோடாகத் தெரிந்தது. அந்த நிமிடத்தில் என்னைவிடச் சந்தோஷமானவள் மதுரையில் இல்லை.

ஈரப் படத்தை இரண்டு மூலையிலும் பிடித்துக்கொண்டு கதவைக் காலால் தள்ளினேன். "வாங்கத்தை" என்று சிரித்தேன்.

அத்தை சிரிக்கவில்லை. படத்தைப் பார்த்தார். கையில் இருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது.

"ஆத்தாடி. எம் மகனுக்குக் கருமாதிப் பத்திரிகை அடிச்சுட்டாளே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூப்பிடுகிற கார்டு. சுவரில் ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலித் தாள். அதோடு, எங்கள் ஊரில் ஒற்றை ஆளின் முகத்தை இவ்வளவு பெரிதாகப் போட்டுச் சுவரில் மாட்டினால் அவர் இல்லை என்று அர்த்தம். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கல்யாணப் படம் உண்டு, குடும்பப் படம் உண்டு. தனிப்படம், ஆள் போன பிறகுதான்.

நான் வெளிநாட்டுப் பத்திரிகை, முழு நெகட்டிவ், சாட்சி என்று என்னென்னவோ சொன்னேன். தாலி கட்டின புருஷனைக் கருப்புக் கட்டத்துக்குள் வைக்க எந்த நாட்டுக்காரி சொல்லிக்கொடுத்தாள் என்று கேட்டார் அத்தை. தம்பி மகள் என்று கட்டிவைத்ததற்கு இதுதானா பலன் என்றார். அதைக் கிழிக்கிற வரை இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன் என்று முற்றத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஐஸ் மூட்டையோடு மச்சான் உள்ளே நுழைந்தது அந்த நேரத்தில்தான். அத்தை வந்திருப்பது தெரியாமல் பட்டப்பகலில் வீட்டுக்கு வந்துவிட்டார். மில்லில் மத்தியானம் வரைதான் வேலை என்று அவராகவே ஒரு காரணம் சொன்னார். அத்தை இருந்த கோபத்தில் அது காதில் விழவில்லை.

நான் படத்தைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருந்தேன். அவர் அதன் முன்னால் போய் நின்றார். அன்றுதான் முதல்தடவையாகப் பார்க்கிறார். சாக்கில் இருந்து ஐஸ் தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டே இருந்தது.

கத்திரியை எடுத்து ஓரத்தை வெட்டு என்றார் அத்தை. கட்டத்தையாவது வெட்டித் தொலை, பாவி.

வெட்டலாம். படத்துக்கு ஒரு மயிரிழை சேதமும் வராது. ஆனால் முடியாது என்று நின்றேன். வீம்புதான், வேறென்ன. டாக்டர் பார்த்த படத்தில் கட்டம் இருந்தது. அதோடு, அதுவரை என் கையால் முழுசாக ஒப்பேறின ஒரே விஷயம் அது. அதையும் பாதியாக்க எனக்கு மனசில்லை.

மச்சான் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"வெட்ட வேணாம்மா. இருக்கிறபடிக்கு இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். ஐஸை உள்ளே கொண்டுபோய் வைத்தார். என் பக்கம் பேசினார் என்று அப்போது எனக்குக் கர்வமாக இருந்தது.

அத்தையின் நிபந்தனை

மறுநாள் காலை வரை அத்தை சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. கோபம் பாதி, படபடப்பு பாதி. முன்கட்டுக்கும் பின்கட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மச்சான் இஸ்திரிச் சட்டையோடு கிளம்பிப் போனார். மகன் வேலைக்குப் போகிறான் என்று அத்தை வாசல் வரை வந்து பார்த்தார்.

உள்ளே திரும்பியவர் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார். படத்தை மாட்டிக்கொள், ஆனால் அது தொங்குகிற வரைக்கும் என் மகன் அதற்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும் என்றார். பார்க்கிறவன் படத்தைப் பார்த்த கண்ணோடு ஆளையும் பார்க்க வேண்டும். இருக்கிறான் என்று நாலு பேர் கண்ணால் பார்த்துவிட்டால் கட்டம் ஒன்றும் செய்யாது. எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. பரிகாரம் அத்தையே கண்டுபிடித்தது.

சாயங்காலம் மச்சானிடம் சொன்னார். கண்காட்சி நடக்கிற மூன்று நாளும் காலை பத்தில் இருந்து சாயங்காலம் ஆறு வரை நிற்க வேண்டும். மில்லில் லீவு கொடுப்பார்களா என்று கேட்டார்.

"குடுப்பாங்கம்மா" என்றார் மச்சான், கொஞ்சம்கூட யோசிக்காமல்.

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன்.

சிம்மக்கல் மாடியில்

சிம்மக்கல்லில் மொத்தக் கடைகளுக்கு மேலே ஒரு மாடி ஹால். கீழே மூட்டை இறக்குகிற சத்தமும் டவுன் பஸ் ஹாரனும் நிற்கவே நிற்காது. மிளகாய் நெடி மாடி வரை ஏறும். படம் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் தும்மினார்கள்.

ஆறு பேர், ஆளுக்கு ஆறு படம். வாசலுக்கு நேர் எதிரே மச்சான். பக்கத்தில் மச்சான். கீழே சின்ன அட்டையில் 'காலை' என்று தலைப்பு. எதிரே நாற்காலி போட்டு, மடியில் பையோடு அத்தை காவல். மச்சான் அதே வெள்ளைச் சட்டையைத்தான் போட்டிருந்தார். அத்தைதான் அதைப் போடச் சொன்னார், அடையாளம் தெரிய வேண்டுமாம்.

முதல் நாள் ஒரு பெரியவர் ஏறி வந்தார். நேராகப் படத்தின் முன் போனார், செருப்பைக் கழற்றினார், கை கூப்பினார். கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டுத் திறந்தால், பக்கத்தில் அதே ஆள் நிற்கிறார். பெரியவர் ஒரு எட்டு பின்னால் போய்விட்டார்.

"நான்தான் ஐயா அது. இருக்கேன்" என்றார் மச்சான்.

ஹாலே சிரித்தது. டாக்டர் சிரித்தார், நான் சிரித்தேன். அத்தை மட்டும் என்னைப் பார்த்து, கண்டாயா என்று தலையை ஆட்டினார்.

இரண்டு நாளும் இப்படியே போயிற்று. மச்சானைக் கண்காட்சி வாட்ச்மேன் என்று சிலர் நினைத்தார்கள். போட்டோ எடுத்தவரே அவர்தான் என்று காலேஜ் பையன்கள் நினைத்து, அண்ணே, எந்தக் கேமரா அண்ணே என்று சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. நான் ஓரிடத்தில் நில்லாமல் மற்ற படங்களைச் சரிசெய்வதும், வாசலுக்குப் போய் எட்டிப்பார்ப்பதும், வருகிறவர்களிடம் மடிப்பைப் பாருங்கள், வெள்ளையைப் பாருங்கள் என்று விளக்குவதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கூட்டம் இல்லை. அத்தை நாற்காலியில் இருந்து எழுந்தார். படத்தின் கிட்டத்தில் போய் நின்றார். அதுவரை அவர் கண்ணுக்குக் கட்டம்தான் தெரிந்திருக்கிறது. இரண்டரை நாள் எதிரில் உட்கார்ந்து உட்கார்ந்து, கட்டம் பழகிப்போயிருக்க வேண்டும். படத்தைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மகனைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

மச்சான் ஜன்னல் வழியாகக் கீழே பஸ்ஸைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை என்னைக் கையசைத்துத் தூணுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"இது எப்ப எடுத்தது?"

"பங்குனியில அத்தை. காலைல, மில்லுக்குக் கெளம்புறப்ப."

"வேலைக்குப் போறவன் மூஞ்சி இல்லத்தா இது." குரலை உயர்த்தவே இல்லை. "எம்புட்டு நாளாச்சு?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன்.

"அஞ்சு மாசம்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுறாரு அத்தை."

"தூங்குறானா?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனை வினாடி வெளிச்சம் கொடுத்தால் அவர் சட்டையின் மடிப்பு தெரியும் என்று எனக்குத் தெரியும். அவர் தூங்குகிறாரா என்று தெரியாது. ஐந்து மாதம் ஒரே பாயில் படுத்து, அதை நான் கவனித்ததில்லை. அன்று கேட்டில் நின்றபோதும் ஜன்னல் வழியாகப் படம்தான் எடுத்தேன். கதவைத் திறந்துகொண்டு போய் என்ன மச்சான் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அத்தை என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் மகன் பக்கத்தில் போட்டார்.

"நின்னது போதும். உக்காரு."

"இன்னைக்கு ஒருநா தானம்மா. நின்னுர்றேன்."

"உக்காருடா."

உட்கார்ந்தார். அத்தை அவர் தலையில் கையை வைத்தார்.

"பயந்துட்டியா?"

"ஆமாம்மா" என்றார் மச்சான்.

முப்பத்திமூன்று வயது ஆள், ஜனங்கள் வந்துபோகிற ஹாலில், அம்மாவின் இடுப்புச் சேலையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். சத்தம் வெளியே கேட்டது. டாக்டர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

படத்துக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நான் போய் அங்கே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குடும்பம் ஏறி வந்தது. புருஷன், பெண்டாட்டி, இடுப்பில் குழந்தை. அந்தப் பெண் படத்தை வெகுநேரம் பார்த்தாள். யாரு அக்கா இது, என்ன ஆச்சு இவருக்கு என்று என்னிடம் கேட்டாள்.

நான் மச்சானைப் பார்த்தேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சொல்லு என்பது போலத் தலையை அசைத்தார்.

"எங்க வீட்டுக்காரர்" என்றேன். "மில்லப் பூட்டிட்டாங்க. அஞ்சு மாசமா வேலை இல்ல."

ஆறு மணி வரை அங்கேயே நின்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன்.